ஆளுக்கு அரைப் பக்கம்

கேள்வி: நாங்கள் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதையொட்டி எங்கள் பேட்ச் சார்பில் ஒரு மலர் வருகிறது. இறந்துபோன ஒன்பது பேரைப் பற்றிய பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. அதில் ஒருவர் பெரிய பதவியில் இருந்தவர், அவருக்கு மட்டும் முழுப் பக்கம் என்கிறது மலர்க்குழு. இன்னொருவன் இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டவன், அவனைச் சேர்க்கலாமா என்றே பேச்சு ஓடுகிறது. ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். இரண்டு பேரைப் பற்றி யாருக்குமே ஒன்றும் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்பதைத் தாண்டி எனக்கு வரவில்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: முதலில் இடப் பிரச்சினையை முடித்துவிடுவோம். ஒன்பது பேருக்கும் ஒரே அளவு, ஆளுக்கு அரைப் பக்கம். பெரிய பதவியில் இருந்தவருக்குப் பத்திரிகைகள் இடம் கொடுத்திருக்கும், அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடந்திருக்கும். உங்கள் மலர் பதவிக்காக வருவதில்லை. அவரும் மற்ற எட்டுப் பேரும் ஒரே வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு அடித்துக்கொண்ட காலத்துக்காக வருகிறது.

குழுவில் முணுமுணுப்பு எழுந்தால் ஜான் வென்னைத் துணைக்கு அழையுங்கள். பள்ளிக் கணக்கில் வட்டம் வட்டமாகப் போட்டோமே, அந்த வென் படத்தைக் கொடுத்தவர்தான். ஆரம்ப காலத்திலிருந்து 1900 வரை கேம்பிரிட்ஜில் படித்தவர்களில் தகவல் கிடைத்த அத்தனை பேரையும் பட்டியலிட முதுமையில் இறங்கினார். முதல் தொகுதி 1922இல் வந்தது, மறு ஆண்டே அவர் காலமானார். அவருடைய மகன் வேலையைத் தொடர்ந்தார். பத்தாவது தொகுதி 1954இல்தான் முடிந்தது. நியூட்டன் இருக்கும் அதே பட்டியலில், எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டு சேர்ந்தார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். சேர்ந்திருந்தால் போதும், பெயர் உண்டு.

படிப்பை விட்டவரைப் பற்றிய பேச்சுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆனாலும் இன்னொன்று சொல்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து மாண்ட மாணவர்களுக்காக ஹார்வர்ட் ஒரு பெரிய நினைவு மண்டபம் கட்டியது. தெற்குப் படையில் சேர்ந்து மாண்டவர்களும் அங்கே படித்தவர்கள்தான், அவர்கள் பெயர் அந்தச் சுவரில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜ் வேறு மாதிரி நடந்துகொண்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டு இறந்த தன் பழைய மாணவர்கள் மூவருக்கும் அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. எதிரிப் படையில் நின்றவருக்கே கல்லூரிச் சுவரில் இடம் கிடைத்திருக்கிறது. அரியர்ஸோடு வீட்டுக்குப் போனவருக்கு உங்கள் மலரில் அரைப் பக்கம் கிடையாதா?

சரி, எழுத வரவில்லை என்கிறீர்களே, அதுதான் பெரிய விஷயம். உங்களுக்கு எழுத்து வராமல் இல்லை, கையில் சரக்கு இல்லை. வாட்ஸப் குழுவில் ‘இவரைப் பற்றி நினைவுகளைப் பகிருங்கள்’ என்று போட்டால் கைகூப்பும் படங்கள் நாற்பது வரும், செய்தி ஒன்று வராது. ஒவ்வொருவராகப் போனில் பிடியுங்கள். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர், லேபில் பக்கத்தில் நின்றவர், சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவர் (இவரிடம்தான் நல்ல சரக்கு இருக்கும்). ‘எப்படிப்பட்டவர்?’ என்று கேட்காதீர்கள். என்ன பட்டப்பெயர், யாரிடம் கடன் வாங்குவார், பரீட்சைக்கு முந்தின இரவு என்ன செய்வார், கோபம் வந்தால் எங்கே போய் உட்காருவார் என்று கேளுங்கள். கேள்வி சின்னதாக இருந்தால்தான் நினைவு கிளறும்.

‘அனைவரிடமும் அன்பாகப் பழகியவர், உதவும் உள்ளம் கொண்டவர்’ என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். பெயரை எடுத்துவிட்டு மற்ற எட்டுப் பேரின் பெயரையும் அங்கே போட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் பொருந்தினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அதற்குப் பதில், ‘ரெக்கார்ட் நோட்டை யார் கேட்டாலும் கொடுப்பார், ஆனால் வேண்டுமென்றே ஒரு படத்தில் ஒரு பாகத்தின் பெயரைத் தப்பாக எழுதிவைத்திருப்பார், காப்பியடித்தது யார் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும்’ என்ற மாதிரி ஒன்று கிடைத்தால் போதும், ஆள் எழுந்து வந்துவிடுவார். சின்னக் குறும்பு, பிடிவாதம், கஞ்சத்தனம் எல்லாம் இருக்கலாம். இறந்துவிட்டார் என்பதற்காக ஒருவரைச் சாதுவாக்க வேண்டியதில்லை.

இதில் பாதிதான் உங்கள் பேட்சிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கை வேறு ஆட்களிடம் இருக்கிறது, அதனால் குடும்பத்தாரிடமும் கூட வேலை பார்த்தவர்களிடமும் பேசுங்கள். தயங்க வேண்டாம். இருபது வயதில் அப்பாவோ அம்மாவோ எப்படி இருந்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது, அது உங்களிடம் மட்டுமே இருக்கிறது. நீங்களும் கொடுக்கப் போகிறீர்கள், வெறுங்கையோடு கேட்கப் போகவில்லை.

அச்சுக்குப் போகும் முன் இறப்பை உறுதி செய்துகொள்ளுங்கள். ‘யாரோ சொன்னார்கள்’ போதாது. குடும்பத்தாரோ, இறுதிச் சடங்குக்குப் போன ஒருவரோ சொல்ல வேண்டும். ஃபேஸ்புக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். யாராவது கோரிக்கை வைத்தால்தான் அது நினைவுப் பக்கமாக மாறும், இல்லாவிட்டால் ஆள் போன பிறகும் பிறந்தநாள் வாழ்த்து வந்துகொண்டே இருக்கும். இனிஷியல், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு மூன்றையும் இரண்டு முறை பாருங்கள். பெயர்களை அகர வரிசையில் போடுங்கள். படம் மாணவப் பருவத்துப் படமாக இருக்கட்டும்.

தற்கொலை செய்துகொண்ட தோழியைப் பற்றி: ஒன்பது பேரில் யாருக்குமே இறந்த காரணத்தைப் போடாதீர்கள். எட்டுப் பேருக்கு ‘மாரடைப்பால்’, ‘விபத்தில்’ என்று போட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் விட்டால் அந்த இடைவெளியே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும். குடும்பத்தாரே வெளிப்படையாகச் சொல்ல விரும்பினால் ஒரு வரியில், சாதாரணமாகச் சொல்லுங்கள். எப்படி, எங்கே என்ற விவரம் வேண்டாம், ‘இதனால்தான்’ என்று ஒற்றைக் காரணமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்வதும் இதையேதான். மற்றபடி அவருடைய அரைப் பக்கமும் அவர் வாழ்ந்ததைப் பற்றியே இருக்கட்டும். இந்தப் போன் பேச்சுகளில் ‘நான் அன்றைக்கு அவளிடம் பேசியிருக்கலாம்’ என்று யாராவது உடைந்து அழக்கூடும். அன்று குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக அந்த இரண்டு பேர். துறையின் சேர்க்கைப் பதிவேடு, ஹாஸ்டல் பதிவேடு, பழைய குரூப் போட்டோ மூன்றையும் பார்த்துவிடுங்கள். முன்னாள் மாணவர் அலுவலகம் வீட்டு முகவரியைத் தராவிட்டாலும், உங்கள் கடிதத்தை அந்தக் குடும்பத்துக்கு அனுப்பிவைக்கச் சம்மதிக்கலாம், கேட்டுப் பாருங்கள். அப்படியும் ஒன்றும் கிடைக்கவில்லையா, பெயரையும் சேர்ந்த ஆண்டையும் போட்டு, தெரிந்தவர்கள் எழுதலாம் என்று ஒரு வரி சேருங்கள். மிச்சம் இடம் காலியாகவே இருக்கட்டும். மெழுகுவர்த்திப் படமும் கவிதையும் போட்டு நிரப்பும் ஆசை குழுவில் யாருக்காவது வரும், விடாதீர்கள்.

எழுதியதை அந்தந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே காட்டித் திருத்தம் கேளுங்கள். மலர் வந்ததும், அவர்கள் விழாவுக்கு வந்தாலும் வராவிட்டாலும், வீட்டுக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப இப்போதே பட்ஜெட்டில் எழுதிவைத்துவிடுங்கள். தபால் செலவு என்று சொல்லிக் குழு கடைசியில் வெட்டுவது இதைத்தான்.