கேக் கடைப் பலகையும் கொழுத்த எழுத்தும்

வணக்கம் அண்ணா,

நல்லூரில் கேக், ஐஸ்கிறீம் கடை தொடங்கப்போகிறோம். பெயர்ப்பலகைக்கு ‘பலூ தம்பி’ எழுத்துருவைத் தெரிவு செய்தேன். அப்பாவோ "முன்பள்ளி போர்ட் மாதிரிக் கிடக்கு" என்கிறார். இந்தக் கொழுத்த, உருண்ட எழுத்துகள் சிறுபிள்ளைத்தனமானவையா? எங்கெல்லாம் பாவிக்கலாம்?

வாசகி, கொக்குவில்

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா சொல்வது பாதி சரி. கூர் முனை இல்லாத எழுத்து யாரையும் அதட்டாது, அதனால் முன்பள்ளிகள் அதை விரும்புகின்றன. ஆனால் இதே குணமுள்ள ஆங்கில எழுத்துரு கூப்பர் பிளாக், சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922இல் வெளிவந்தது. பிரித்தானிய விமான நிறுவனமான ஈசிஜெட்டின் பெயர் விமானங்களில் அந்த எழுத்தில்தான் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துப் பயணம் வேண்டாம் என்று இறங்கியவர் யாரும் இல்லை. கேக் கடைக்கு இந்தக் குணம் பொருத்தம்தான்.

எனக்குப் பயம் தடிப்பில். ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்துக்குள் சுழிகள் அதிகம். கோடு தடிக்கத் தடிக்க அந்தச் சுழிக்குள் இருக்கும் வெளி சுருங்கும். உங்கள் பலகையில் வரப்போகும் சொற்களையே பாருங்கள். கொம்பின் மேற்சுழி அடைபட்டால் ‘கேக்’ தூரத்தில் ‘கெக்’ ஆகிவிடும். ‘ஐஸ்கிறீம்’ இன்னும் மோசம்: ‘றீ’யின் சுழி நிரம்பினால் ‘றி’. புள்ளியும் கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டப் பார்க்கும். மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு பலூவை (அதன் தமிழ் வடிவம்தான் உங்கள் பலூ தம்பி) வரைந்தபோது இதற்கெல்லாம் கவனமாக இடம் விட்டிருக்கிறது. அதைக் கெடுப்பது நம்முடைய பனர் வேலைதான். ஏற்கெனவே தடித்த எழுத்துக்கு வெள்ளைக் கரை, கறுப்பு நிழல், அதற்கும் வெளியே மஞ்சள் ஒளி! இது எங்கள் ஊரின் தீராத வியாதி. ஒன்றும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பலூவின் பிந்திய பதிப்பான பலூ 2 குடும்பத்தில் ஐந்து தடிப்புகள் உண்டு. கடைப் பெயருக்கு மிகத் தடித்ததை எடுங்கள், ‘கேக், ஐஸ்கிறீம்’ என்ற சிறிய வரிக்கு நடுத்தரமானது போதும். தொலைபேசி இலக்கத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் வேறு சாதாரண எழுத்துரு போடுங்கள். இப்படியான எழுத்து இரண்டு மூன்று சொல்லுக்குத்தான், பந்தி எழுத அல்ல. அக்ரிலிக்கில் வெட்டுவதானால் உருண்டை முனைகள் உங்களுக்கு லாபம். சுழன்று வெட்டும் கருவியால் உள்மூலையைக் கூராக வெட்ட முடியாது, இதில் அந்தக் குறை தெரியாது.

பலூவில் சிங்களம் இல்லை. மூன்று மொழியிலும் போர்ட் போடுவீர்கள் என்றால், ஏறத்தாழ இதே தடிப்புள்ள சிங்கள எழுத்துரு ஒன்றை முதலே தேடி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த வரி மட்டும் மெலிந்து, பிறகு ஒட்டவைத்ததுபோல நிற்கும்.

எங்கெல்லாம் பாவிக்கலாம் என்று கேட்டீர்கள், எங்கே கூடாது என்றும் சொல்கிறேன். அண்மையில் அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) ஒன்றின் அட்டையில் இப்படியான எழுத்தைக் கண்டேன். இறந்தவர் எண்பது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். மனிதர் பார்த்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

கடைசியாக ஒன்று. அச்சகத்தில் பாமினியில் (யுனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடித்து வைத்திருந்தால் எழுத்துருவை மட்டும் மாற்றிப் பயனில்லை, கண்டபடி ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். யுனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு பெயரை ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, வீதியின் மறுபக்கம் நின்று அப்பாவையே வாசிக்கச் சொல்லுங்கள்.