அம்மா கதையாகவே சொல்லட்டும், நீங்கள் சுருக்க வேண்டாம்

வணக்கம். அம்மாவுக்கு இரண்டு மாதமாகத் தலைசுற்றல், டாக்டர் கேட்டால் "அன்னைக்குக் கோயிலுக்குப் போறப்ப..." என்று ஆரம்பிக்கிறார், இனி நானே சுருக்கமாகச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

"தலைசுற்றல்" என்ற ஒரே சொல்லை வைத்து டாக்டர் என்ன செய்வார்? கட்டிலில் புரண்டு படுத்தால் அரை நிமிடம் அறையே சுழல்கிறது என்றால் உடல் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உட்காதைச் சந்தேகிப்பார். உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டுகிறது என்றால் பிரஷர் இறங்குகிறதா, மாத்திரை அளவு அதிகமா என்று பார்ப்பார். அந்த வித்தியாசம் அம்மாவின் கதைக்குள்தான் இருக்கிறது.

என் அப்பா வறட்டு இருமலோடு நான்கு மாதம் அலைந்தார். எக்ஸ்ரே, சிரப் எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஒரு டாக்டர் முழுதாகப் பேசவிட்டார். "பேத்தி காதுகுத்துக்கு முந்தின வாரம் பிரஷர் மாத்திரையை மாத்தினாங்க" என்றார் அப்பா. புது மாத்திரை எனலாப்ரில்! சிலருக்கு வறட்டு இருமலை வரவழைக்கும் பிரஷர் மாத்திரை அது. அதை மாற்றிய சில வாரங்களில் இருமல் நின்றது. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

நேரம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். அதனால் முந்தைய நாளே வீட்டில் அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் எப்போது வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

அப்புறம், பேச்சு குளறினாலோ கை கால் மரத்தாலோ காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.