கூட்டிலிருந்து விழுந்த பறவைக் குஞ்சை எடுத்து வளர்க்கலாமா? என்ன ஊட்டுவது?

நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஏழெட்டு வருஷம் முன்பு எங்கள் முருங்கை மரத்தடியில் ஒரு சின்னான் குஞ்சு கிடந்தது. கொண்டைக்குருவி என்றும் சொல்வார்களே, அதுதான். உடம்பெல்லாம் இறகு, வால் மட்டும் கட்டை. தாயைக் காணோம். ஐயோ பாவம் என்று தூக்கி வந்து, பாலில் பிஸ்கட்டைக் கரைத்து இங்க் ஃபில்லரால் வாயில் விட்டேன். மறுநாள் காலை அட்டைப்பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தது.

பறவைக்குப் பால் செரிக்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால், நாம் விடும் சொட்டு நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீரும் அப்படித்தான். இதையெல்லாம்விடப் பெரிய தப்பு, அந்தக் குஞ்சை யாரும் கைவிட்டிருக்கவே இல்லை. சின்னான் குஞ்சு சரியாகப் பறக்கப் பழகும் முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். சில நாள் தரையிலும் செடியிலும் தத்தித் திரியும், தாயும் தகப்பனும் தேடி வந்து ஊட்டும். நாம் பக்கத்தில் நின்றால் அவை வராது. நான் குஞ்சைக் கடத்தி வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் குஞ்சுக்கு இறகு வந்திருந்தால் தாழ்வான கிளையில் வைத்துவிட்டு, பூனையை உள்ளே அடைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பாருங்கள். குயில் குஞ்சாக இருந்தால் ஊட்ட வருவது காக்கையாக இருக்கும். இரையோடு வந்தால் விரட்டிவிடாதீர்கள். வெறும் தோலாக, கண் திறக்காமல் இருந்தால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா கதை.

பூனை கவ்வியிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். ரத்தமே தெரியாவிட்டாலும் பல் பட்ட இடத்தில் கிருமி ஏறி ஓரிரு நாளில் செத்துவிடும். அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி, துணி சுற்றிய வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டில், அதோடு நேரே கால்நடை மருத்துவர். உடம்பு சில்லிட்டிருக்கும்போது எதையும் ஊட்டக் கூடாது.

தாய் தகப்பன் இரண்டுமே போய்விட்டது என்று உறுதியானால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சென்னை என்றால் கிண்டியில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அரை மணிக்கொரு தரம் பூச்சி ஊட்ட வேலைக்குப் போகிறவர்களால் முடியாது. கிளிக்குஞ்சு என்றால் ஆசைப்பட்டு வைத்துக்கொள்வார்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

போன வருஷக் காற்றில் அதே முருங்கையில் இன்னொரு சின்னான் கூடு பிய்ந்து விழுந்தது. இரண்டு குஞ்சு, பாதி இறகு. கொட்டாங்குச்சியின் அடியில் ஓட்டை போட்டு, உள்ளே தேங்காய் நாரைத் திணித்து, குஞ்சுகளை வைத்துக் கிளையில் கட்டினேன். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அப்புறம் பெரிய சின்னான் ஒன்று வாயில் பச்சை வெட்டுக்கிளியோடு வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது. கொட்டாங்குச்சியை இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தது. உள்ளேயிருந்து இரண்டு வாய் மேலே நீண்டன.