'ருக்கா' என்றால் மணிக்கட்டு வரையா, தோள் வரையா?

கேள்வி: ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறேன். இனி வார்டில் நோயாளிகளிடம் ரஷ்ய மொழியில்தான் பேச வேண்டும். 'ருக்கா' என்ற சொல்லுக்கு அகராதி ஒரு இடத்தில் மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதி என்கிறது, இன்னொரு இடத்தில் முழுக்கை என்கிறது. எது சரி? போலந்து, செக் மொழிகளிலும் இதே சொல்தானா?

பதில்: இரண்டும் சரி. hand, arm என்று பிரிக்கும் ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பதால்தான் இந்தக் குழப்பம். நம் 'கை' எப்படியோ, 'ருக்கா'வும் அப்படியே: விரல் நுனி முதல் தோள் வரை எல்லாமே கைதான். அதனால் நோயாளி 'பலீத் ருக்கா' (கை வலிக்கிறது) என்றால் அதை வைத்து இடத்தை முடிவு செய்ய முடியாது. 'பக்கஜீத்யே, க்தியே பலீத்?' (எங்கே வலிக்கிறது, காட்டுங்கள்) என்று கேட்டுவிடுங்கள்.

கேஸ் ஷீட்டில் மட்டும் 'ருக்கா' என்று எழுதி நிறுத்தாதீர்கள். மணிக்கட்டிலிருந்து விரல்கள் வரை 'கீஸ்த்', முன்கை 'ப்ரித்ப்லேச்யே'. அதற்கு மேலே உள்ள 'ப்லிச்சோ'வில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சாதாரணப் பேச்சில் அது தோள்பட்டை. உடற்கூறியல் நூலிலோ தோள் மூட்டுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதி. மேற்கை எலும்பின் பெயரே 'ப்லிச்சிவாயா கோஸ்த்'. நோயாளி சொன்ன 'ப்லிச்சோ'வை அப்படியே எழுதினால், படிக்கும் மருத்துவர் வேறு இடத்தைப் பார்ப்பார். விரலுக்கு 'பாலெத்ஸ்' என்பார்கள். கால்விரலுக்கும் அதே சொல்தான் என்பதால் 'பாலெத்ஸ் ருக்கீ' (கைவிரல்), 'பாலெத்ஸ் நகீ' (கால்விரல்) என்று சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்தது உச்சரிப்பு. தமிழில் 'ருகா' என்று குறித்துக்கொண்டால் நாக்கு 'க'வை மென்மையாக்கிவிடும்; அதற்காகவே இங்கே 'க்க' போட்டிருக்கிறேன். அழுத்தம் வேற்றுமைக்கு ஏற்ப இடம் மாறும். எழுவாயில் கடைசி அசையில் விழும்: ருக்கா. 'கையைக் கொடுங்கள்' என்னும்போது முன்னால் வந்துவிடும்: 'தாய்த்யே ரூக்கு'. 'ருக்கீ' என்றால் 'கையின்'; 'ரூக்கி' என்றால் 'கைகள்'. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், அழுத்தம்தான் பிரித்துக் காட்டும்.

மூலத்துக்கு வருவோம். ரஷ்யன், போலந்து, செக் எல்லாம் ஸ்லாவியக் குடும்ப மொழிகள்; சொல்லும் ஒன்றுதான். அதன் பழைய ஸ்லாவிய வடிவத்தில் முதல் உயிர் மூக்கொலியாக இருந்தது. ரஷ்யன், செக், செர்பிய-குரோவாசிய மொழிகளில் அது 'உ' ஆகிவிட்டது. போலந்து மொழியின் 'ரெங்க்கா'வில் இன்னும் கேட்கிறது. பால்டிக் கிளையைச் சேர்ந்த லித்துவேனிய மொழியில் 'ரங்க்கா'. அங்கே 'ரின்க்தி' என்றால் சேகரிப்பது, பொறுக்குவது. ஆக, கை என்பது 'பொறுக்குவது' என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சமஸ்கிருத 'ஹஸ்த', கிரேக்க 'கெயிர்' ஆகியவற்றில் காணும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரை ஸ்லாவிய மொழிகள் கைக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டன.

செக்கில் சொல் ரஷ்யனைப் போலவே 'ருக்கா' என்று இருந்தாலும் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். பன்மைதான் சிக்கல். கைகள் இரண்டாக இருப்பதால் பழைய இருமை வடிவமே (இரண்டை மட்டும் குறிப்பது) அங்கே பன்மையாக நிலைத்துவிட்டது: செக்கில் 'ருத்ஸெ', போலந்தில் 'ரென்த்ஸெ'. ரஷ்யப் பழக்கத்தில் அங்கே 'ரூக்கி' என்று போட்டால் தவறு. ஸ்லோவேனியனில் இருமை இன்றும் உயிரோடு இருக்கிறது: இரண்டு என்றால் 'ரோக்கி', மூன்று என்றால் 'ரோக்கெ'.

கிளைச் சொற்களிலும் கவனம் தேவை. சட்டைக்கை 'ருக்காஃப்', ஆற்றின் கிளைக்கும் அதே சொல். 'ரூச்க்கா' என்றால் குட்டிக்கை, பேனா, கதவுக் கைப்பிடி மூன்றும்தான். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். செக், குரோவாசிய மொழிகளில் 'ருச்னிக்' என்றால் துண்டு, போலந்தில் அது 'ரெஞ்ச்னிக்'. ரஷ்யாவில் துண்டு வேண்டுமென்றால் 'பலத்யேன்த்ஸெ' என்று கேளுங்கள். அங்கே பேச்சுவழக்கில் 'ருச்னிக்' காரின் ஹேண்ட் பிரேக்.