கொங்குப் பக்கம் பிறந்து வெளிநாட்டுக்குத் தத்துப் போனவரின் வேர்த்தேடலை ஆவணப்படமாக எடுக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: 1990களின் தொடக்கத்தில் சேலம் மாவட்டக் காப்பகம் ஒன்றிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப் போன தோழி, பெற்ற தாயைத் தேடி வருகிறார். திருப்பூரிலிருந்து இரண்டு பேர், ஒரு கேமரா. எதில் தொடங்குவது, எங்கே தவறும்?

தேடுவது உங்கள் தோழி, நீங்கள் அல்ல. எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. 2022-ம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகள் மூன்றாம் நபர் வேர்த்தேடல் செய்வதை அனுமதிப்பதில்லை. 18 வயது நிறைந்த தத்துப் பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம்: தத்துக் கொடுத்த நிறுவனத்திடம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம், டெல்லியிலுள்ள காரா எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்திடம், அல்லது வளர்ந்த நாட்டின் தத்து முகமை வழியாக. பெற்றவர் மறுத்தாலோ கிடைக்காமல் போனாலோ, எந்தச் சூழலில் குழந்தையை ஒப்படைத்தார்கள் என்பது மட்டும் சொல்லப்படும். பெற்றவரின் அந்தரங்கத்தைத் தத்துப் பிள்ளையின் உரிமை மீற முடியாது. கேமராவோடு காப்பகத்து வாசலில் போய் நின்று பதிவேட்டைக் கேட்டால், உங்களுக்கு மட்டுமல்ல, தோழிக்கும் சேர்த்துக் கதவு மூடிவிடும்.

அதனால் முதல் ஆறு மாதம் காகிதத்தோடுதான் வேலை. தோழியிடம் இருக்கும் எல்லாத் தாள்களையும் ஸ்கேன் செய்து, தேதி வாரியாக அடுக்குங்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டார் பெரும்பாலும் இங்கே 1890-ம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் காப்பாளர் ஆணை வாங்கி, தத்தை அவர்கள் நாட்டில் முடித்தார்கள். ஆகவே நீதிமன்றக் கோப்பு ஒன்று இருக்கும். ஆணையின் தலையில் இருக்கும் ஓ.பி. எண்ணும் (அசல் மனு எண்) ஆண்டும் கிடைத்தால், வழக்கறிஞர் மூலம் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். 1984-ல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் அயல்நாட்டுத் தத்துக்கு நெறிமுறை வகுத்தது. அதற்குப் பிந்தைய கோப்புகளில் குழந்தையைப் பற்றிய அறிக்கையும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் மாவட்ட எல்லை. 1993-ம் ஆண்டுத் தாளில் 'சேலம் மாவட்டம்' என்றிருந்தால் அது இன்றைய நாமக்கல்லாகவும் இருக்கலாம். நாமக்கல் பிரிந்தது 1997-ல். 'பெரியார் மாவட்டம்' என்றிருந்தால் ஈரோடு. 1979-ல் கோவையிலிருந்து பிரிந்து, 1996-ல்தான் ஈரோடு என்ற பெயர் வந்தது. திருப்பூர் 2009-ல் பிறந்த மாவட்டம், கரூர் 1995 வரை திருச்சியோடு இருந்தது. தவறான ஆட்சியர் அலுவலகத்தில் மனுப் போட்டுவிட்டு, பதில் வரவில்லையென்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

தாளில் இருக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. கண்டெடுத்த குழந்தைக்குப் பெயர் காப்பகம் வைத்தது, தேதி மருத்துவர் குத்துமதிப்பாகப் போட்டது, கண்டெடுத்த இடம் பிறந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. 2000-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பர்சன் ப்ளூரல்' என்ற ஆவணப்படம் இதற்கு நல்ல பாடம். கொரியாவிலிருந்து 1966-ல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட, அதில் வரும் பெண், இன்னொரு குழந்தையின் அடையாளத்தில் அனுப்பப்பட்டிருந்தார். 1992-ல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் சொல்லாமல் விட்டுப் போகலாம் என்பதற்காகவே வைத்த தொட்டில் அது. உங்கள் தோழி அப்படி வந்தவரென்றால் தடம் தொட்டிலோடு நின்றுபோகலாம். அதைப் படப்பிடிப்புக்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள். தாய் கிடைக்காவிட்டாலும் நிற்கக்கூடிய படமாகத் திட்டமிடுங்கள்.

டிஎன்ஏ சோதனையைப் பற்றியும் கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் நம் பக்கத்துக்கு அதை அப்படியே வாசிக்கக் கூடாது. அந்தத் தரவுத்தளங்களில் இந்தியர்கள் குறைவு, கொங்குக் கிராமத்து ஆட்கள் அதிலும் குறைவு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கட்டிய ஊர்களில் பொருந்தும் டிஎன்ஏவின் சிறுசிறு துண்டுகள் பல வழியாக வந்து சேர்ந்து மொத்தத்தைப் பெருக்கிக் காட்டும். அப்பா அம்மாவின் உடன்பிறந்தார் பிள்ளைகளோடு சராசரியாக 12.5 சதவீதம் பொருந்த வேண்டும், அதற்கடுத்த படியில் 3 சதவீதம் போல. நான்கைந்து தலைமுறை தள்ளிய உறவினரும் இந்த இரண்டாம் படியில் வந்து நிற்கலாம். பொருந்தும் டிஎன்ஏவை அளக்கும் அலகான சென்டிமார்கனில் மொத்தத்தைப் பார்க்காமல், மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். சோதனையைத் தோழி மட்டும் எடுக்கட்டும். ஊரில் யாரையும் எச்சில் கொடுக்கச் சொல்லாதீர்கள். ஒரு வீட்டின் ரகசியத்தைத் தேடப்போய் மூன்று வீட்டின் ரகசியம் வெளியே வந்துவிடும்.

தாய் இன்னார் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படம் கெடுவதும் ஒரு குடும்பம் உடைவதும் இந்த இடத்தில்தான். கல்யாணத்துக்கு முன் பெற்ற பிள்ளையாக இருக்கலாம், இன்றைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் இருக்கலாம். ஊருக்குள் ஒரு வெளியூர்க் கார் நின்றாலே "யாரூட்டுக்குங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். ஆகவே முதலில் போக வேண்டியது தத்து நிறுவனத்தின் சமூகப் பணியாளர், முடிந்தால் பெண், தனியாக. சந்திப்பு எங்கே, எப்போது என்று பெற்ற தாயே சொல்லட்டும். பெரும்பாலும் வேறு ஊரில் ஓர் அறைதான் தோதுப்படும். முதல் சந்திப்பில் கேமரா வேண்டாம், ஒலிப்பதிவும் வேண்டாம், செல்போன் உட்பட. கட்டிப்பிடித்து அழும் காட்சி போய்விடுமே என்று தோன்றும். போகட்டும்.

காரணம் நம் பேச்சு மரியாதையிலேயே இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "வேண்டாங்க" என்று சொல்ல இங்கே வாய் வராது. "பாக்கலாங்க", "ஆகட்டுங்க" என்பார்கள். கேமராக்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். "பாக்கலாங்க" என்றால் பாதி நேரம் வேண்டாம் என்றுதான் பொருள். நாலு நாள் கழித்து, நீங்கள் இல்லாத இடத்தில், வேறொருவர் கேட்டும் அதே பதில் வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோழியைத் தயார்ப்படுத்துவதும் உங்கள் வேலையில் சேர்த்தி. 2002-ல் வந்த 'டாட்டர் ஃப்ரம் டனாங்' படத்தில், வியட்நாமிலிருந்து 1975-ல் அமெரிக்காவுக்குப் போன மகள் தாயைச் சந்திக்கப் போகிறார். சில நாளில் உடன்பிறந்தவர்கள் தாயைத் தாங்கும் பொறுப்பில் பணப் பங்கு கேட்க, மகள் நொறுங்கிப் போகிறார். குடும்பம் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு பொருள். இங்கேயும் அதேதான். பிறந்த வீட்டுச் சீர் என்று சேலையும் ஒரு பவுனும் கொண்டுவந்து வைப்பார்கள், அன்பாகவே. வாங்கினால் திரும்பச் செய்ய வேண்டிய முறை தொடங்குகிறது. மொய் நோட்டு எப்படி வேலை செய்கிறது என்று தோழிக்கு முன்கூட்டியே விளக்குங்கள். "எந்தக் கூட்டம் (குலப்பிரிவு), குலதெய்வக் கோயில் எது?" என்ற கேள்வியும் வரும். வேளாளக் கவுண்டர் வீடுகளில் வந்தவர் பங்காளியா, மாமன் மச்சானா என்று தெரிந்தால்தான் முறை வைத்துக் கூப்பிட முடியும். சாதியை எடை போடும் கேள்வியாகவும் அது இருக்கலாம், இடம் கொடுக்கும் கேள்வியாகவும் இருக்கலாம். எது என்பது கேட்பவரின் குரலில் தெரியும். அந்த நொடியை வெட்டாமல் முழுசாக வையுங்கள்.

ஊருக்குள்ளேயே நடக்கும் சுவீகாரமும் உங்கள் படத்துக்கு ஒரு கண்ணாடி. அண்ணன் பிள்ளையைத் தம்பி எடுத்துக்கொள்வதும், பெரியம்மா என்று கூப்பிட்டவரே பெற்றவர் என்று பின்னால் தெரியவருவதும் நடக்கிறவைதான். 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் 12-ம் பிரிவில் பிறந்த குடும்பத்தோடு பிள்ளையின் உறவு அற்றுப்போனதாகச் சொல்கிறது. ஆனால் பிறந்த குடும்பத்தில் யாரைக் கட்டக்கூடாதோ, தத்துப் போன பின்பும் அவரைக் கட்டக்கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அறுந்தது என்று எழுதிய சட்டமே ஓர் இழையை மிச்சம் வைத்திருக்கிறது. ஒரு நல்ல நேர்காணலை இதிலிருந்தே தொடங்கலாம்.

நேர்காணலில் "ஏனுங்க குடுத்தீங்க?" என்று கேட்காதீர்கள். அது விசாரணை. "அந்த வருசம் எங்கீங்க வேலைக்குப் போனீங்க, கூட யாரு இருந்தாங்க?" என்று கேளுங்கள். பதிலுக்குப் பின் பத்து வினாடி பேசாமல் இருங்கள். மொழிபெயர்ப்பாளர் கொங்கு வட்டாரம் தெரிந்தவராக இருக்கட்டும். "வா சாமி", "அம்மிணி", "கண்ணு" என்பவை துணைவசனத்தில் வெறும் 'வா' ஆகிவிடுகின்றன. 'குடுத்துட்டேன்' என்று தாய் சொன்னதை 'கைவிட்டேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் போடுவது பெரிய அநியாயம். துணைவசனத்தைத் தாயின் மொழி தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

தொழில்நுட்பம் சுருக்கமாக. வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் மினுக்காமல் இருக்க இதுதான். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஆளுக்கொரு காலர் மைக். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வரும், எடிட்டிங்கில் அதைக் கழுவ முடியாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பத்திரிகையில் பார்த்து வையுங்கள். அன்று பகலில் தறி ஓடாது, ஊரே அமைதி. பேட்டரிகளை முதல் நாளே ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பொள்ளாச்சி வரை வீசும், வெளியே எடுத்தால் மைக்குக்கு ரோமக் கவசம் இல்லாமல் ஒரு சொல் தேறாது. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரம் 45 ஜிபி. 60 மணி நேரம் எடுத்தால் 2.7 டிபி, அதற்கு மூன்று பிரதி, ஒன்று வேறு வீட்டில்.

காப்பகத்தில் இப்போது இருக்கும் குழந்தைகளை எடுக்கவே வேண்டாம். இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015, 74-ம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கினால் போதாது. சீருடை, பெயர்ப்பலகை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கோபுரம் எல்லாமே காட்டிக்கொடுக்கும். தாய்க்கும் அப்படித்தான்: கைப் பச்சை, வாசல் கேட், குரல். குரல் ஒன்றே போதும், ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். மறைக்க வேண்டுமென்றால் அவர் சொன்னதை வேறொரு பெண் பேசட்டும், பேசுவது வேறொருவர் என்று திரையிலேயே எழுதிவிடுங்கள்.

தாயின் சம்மதம் மூன்று முறை: எடுக்கும் முன், எடுத்த மறுநாள், படத்தின் முதல் எடிட் முடிந்த பின். மூன்றாவதுதான் உண்மையான சம்மதம். அன்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர் சொன்ன இடத்துக்குப் போய், அவர் வரும் காட்சிகளை மட்டுமல்ல, முழுப் படத்தையும் போட்டுக் காட்டுங்கள். படிவத்தைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். இணையத்தில் போட்டால் பேரன் செல்போனிலும் வரும் என்பதை அதே சொற்களில் சொல்லுங்கள். ஏதாவது ஒரு காட்சியில் அவர் தலையைத் திருப்பிக்கொண்டால், எந்த நிமிடம், எந்த வினாடி என்று குறித்துக்கொண்டு வந்து அதை எடுத்துவிடுங்கள்.