கட்டிடத்துக்கு வரி கிடையாது

கேள்வி: அரசு வேலை பார்க்கும் கட்டிடத் தொழிலாளிக்கும் தனியாரிடம் வேலை பார்க்கும் கட்டிடத் தொழிலாளிக்கும் ஒரே மாதிரி, தொழிலாளர் நல நிதிக்கான 1 சதவீத செஸ் வரி. இது நியாயமா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: ‘கட்டடம்’ என்று எழுதுங்கள் ஐயா. கட்டப்பட்டது கட்டடம், கட்டுவதற்கான மனை கட்டிடம். ‘இரண்டும் வழக்கில் உண்டு சார்’ என்று எங்கள் பிழைதிருத்துபவர் பதினைந்து வருடமாக என்னோடு மல்லுக்கு நிற்கிறார். நான் ‘ட’ போட்டு அனுப்புவேன்; அச்சில் ‘டி’ வந்து பல்லிளிக்கும். அவருக்குத் தீபாவளி போனஸ் கொடுக்கும்போதெல்லாம் கை நடுங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், செஸ் சட்டம் என் கட்சி. 1996-இல் வந்த அந்தச் சட்டப்படி கட்டுமானச் செலவில்தான் 1 சதவீதம் என்று இருந்தது. மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது என்று 1998 விதிகள் சொல்லின. ஆக, கட்டடத்துக்கு வரி உண்டு, கட்டிடத்துக்கு இல்லை. பிழைதிருத்துபவர் இதை வெட்டி மேசையில் ஒட்டிக்கொள்ளட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். செஸ் கொத்தனாரின் கூலியில் பிடிப்பதல்ல. கட்டுபவர் தலையில் விழுவது. அரசு கட்டினாலும் அதே 1 சதவீதம்தான். அரசு வேலையில் ஒப்பந்ததாரரின் பில்லிலேயே பிடித்துவிடுவார்கள், தப்ப வழியில்லை. தனியாரில் மதிப்பீட்டைக் குறைத்துக் காட்டும் கெட்டிக்காரர்கள் உண்டு. அநியாயம் என்றால் அங்கே கொஞ்சம் இருக்கிறது. அதைவிடப் பெரியது, வசூலான பணம் போய்ச் சேரும் நல நிதிப் பெட்டிக்குள் இருக்கிறது.

நாடு முழுக்க 37,400 கோடிக்கு மேல் வசூலாகியும் செலவானது சுமார் 9,500 கோடிதான் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தலையில் அடித்துக்கொண்டது. செலவழித்த அழகும் அந்த வழக்கில்தான் வெளியே வந்தது: ஓரிடத்தில் இந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்கு மடிக்கணினியும் வாஷிங் மெஷினும் வாங்கியிருக்கிறார்கள்!

எனக்கு வாஷிங் மெஷின்தான் மனதைவிட்டுப் போக மறுக்கிறது. நாள் முழுக்கக் கலவை சுமந்துவிட்டு வரும் சித்தாள், சிமென்ட் படிந்த சேலையை அதில் போட வேண்டும். போடலாம், குழாய் வேண்டும், கரன்ட் வேண்டும், நாலு சுவர் வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து வேலை செய்கிற குடும்பத்துக்கு இருப்பது, அடுத்தவர் வீடு எழும்பும் மனையின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை. வீடு முடிந்தால் கொட்டகையும் போய்விடும்.

அவர்கள் குடியிருப்பது கட்டிடத்தில். பிழைதிருத்துபவரே, இந்த ஓர் இடத்தில் ‘டி’ இருக்கட்டும்.