எண் இறங்கினால் பார்வை போகிறதா?

அன்புள்ள ஐயா,

என் தங்கைக்கு ஏழு மாதங்களுக்கு முன் வலது கண்ணில் பார்வை நரம்பு அழற்சி வந்தது. ஸ்டீராய்டு ஏற்றினார்கள். இப்போது எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை வாசிக்கிறாள். ஆனால் விழித்திரை அடுக்குகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனில் நரம்பிழை அடுக்கின் தடிமன் முதலில் 142 மைக்ரான், இப்போது 78. சிவப்பு நிறத்தில் வேறு காட்டுகிறது. இடது கண் 97. பார்வை திரும்பியதை நம்புவதா, ஸ்கேனை நம்புவதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டையுமே நம்பலாம். உங்கள் பயத்துக்குக் காரணம் அந்த 142. அது நல்ல எண் அல்ல. அழற்சியில் நரம்பு வீங்கியிருந்தபோது எடுத்த அளவு அது. வீக்கம் வடிய வடிய எண் இறங்கத்தான் செய்யும். தங்கையின் இழப்பை மதிப்பிட 142-ஐ விட்டுவிட்டு இடது கண்ணின் 97-ஐப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் 19. இந்த நோய்க்குப் பிறகு சுமார் 20 மைக்ரான் குறைவது மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான்.

அது உண்மையான இழப்பு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. விழித்திரைக்குள் ஓடும் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை கிடையாது. அதனால் வீக்கம் அடங்கியபின் அடுக்கு மெலிந்திருந்தால், இழைகளே போய்விட்டன என்று பொருள். போனவை திரும்ப முளைப்பதில்லை. பார்வை மீண்டது வேறு வழியில்: அழற்சி தணிந்து, மிஞ்சிய இழைகளில் சமிக்ஞை மறுபடி ஓடத் தொடங்கியது. ஒரு கண்ணில் பத்து லட்சம் இழைகள்வரை உண்டு. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தை வாசிக்க அத்தனையும் தேவையில்லை. குறை வேறு இடத்தில் தெரியும். ஒரு சிவப்புப் பொருளை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், வலது கண்ணுக்கு அது வெளிறித் தெரியலாம். மங்கலான சாம்பல் எழுத்துகளும் அப்படித்தான்.

அந்தச் சிவப்பு நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலரைக் கலங்கடிப்பது அதுதான். அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 99 பேரைவிட மெல்லியதாக இருந்தால் கருவி சிவப்பு காட்டும். நோய் கூடிக்கொண்டே போகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. அதை அறிய ஒரே கண்ணின் ஸ்கேன்களைத் தேதிவாரியாக ஒப்பிட வேண்டும். அதுவும் ஒரே கருவியில் எடுத்தவையாக இருக்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும். வீக்கம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் வடிந்துவிடும் என்பதால் இந்த 78-ஐத்தான் இனி அடிப்படையாகக் கொள்வார்கள். அடுத்த ஸ்கேனிலும் அதை ஒட்டியே இருந்தால் அது நல்ல செய்தி.

அப்புறம், அந்த இழைகள் புறப்படும் செல்கள் உள்ள கேங்லியன் செல் அடுக்கின் அளவையும் மருத்துவரிடம் கேளுங்கள். அது நரம்பிழை அடுக்கைப் போல வீங்குவதில்லை, ஆகவே முதல் சில வாரங்களிலேயே சேதத்தைக் காட்டிவிடும். அக்குவாபோரின்-4, மாக் (MOG) எதிர்ப்பொருள் சோதனைகள், அதாவது நம் நரம்பு மண்டலத்தையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் உண்டா என்று பார்க்கும் சோதனைகள், செய்தார்களா என்றும் கேளுங்கள். மறுபடி வருமா, தொடர் மருந்து வேண்டுமா என்பதை முடிவு செய்ய அவை உதவும், ஓசிடி அதைச் சொல்லாது.

கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ, பார்வை மறுபடி மங்கினாலோ அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.